கைத்தொழிற் பகுதி: வில்லின் கைப்பிடிக்குப் பிசினூட்டிய மரம்

ஜாம்ஷெட்பூரிலுள்ள சங்க அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் விடுத்துள்ளார். அவருடைய மகள் வில்வித்தை பயில்கிறாள். தந்தை தச்சுவேலை அறிந்தவராதலால், மகளுக்கு வேண்டிய வில்லைத் தம் கையாலேயே செய்து தர விழைகிறார். சாதாரண மரக் கைப்பிடி மழைக்காலத்தில் கோணுகின்றது என்றும், பிசினூட்டி அழுத்திய பலகை அதற்கு ஏற்றது எனக் கேள்வியுற்றதாகவும் எழுதுகிறார். ஆயினும், நாணை இழுத்த நிலையில் கைப்பிடி முறிந்து குழந்தையின் முகத்தைத் தாக்கிவிடுமோ என்ற அச்சம் அவரை வாட்டுகின்றது. வினா நியாயமானது, பிற குடும்பங்களுக்கும் பயன்படக்கூடியது. ஆதலின் இவ்விதழில் அதனையே எடுத்துக்கொள்வோம்.

அவ்வூரில் வில் புதிய பொருளன்று. டாடா நிறுவனத்தார் 1996-ஆம் ஆண்டில் அங்கே வில்வித்தைப் பயிற்சிக் கழகம் தொடங்கினர். தீபிகா குமாரி அங்கே பயின்று உலகப் புகழ் பெற்றார். ஆனால் பெரும் பந்தயங்களில் வழங்கும் உலோகக் கைப்பிடி வில்லின் விலை மாதச் சம்பளத்தில் வாழ்வோர்க்கு எளிதில் எட்டுவதன்று. பயிலும் பருவத்தில் கைவேலை வில்லை நாடுவதில் வியப்பில்லை.

முதலில் பொருளை அறிவோம். பீனாலும் பார்மால்டிஹைடும் சேர்ந்து இறுகும் பிசினை லியோ பேக்லண்டு என்பார் 1907-இல் அமெரிக்காவில் ஆக்கினார். பேக்கலைட்டு என்று நாம் அறிந்தது அதுவே. பின்னர் அந்நாட்டின் மாடிசன் நகரிலுள்ள வனப்பொருள் ஆய்வகத்தார் அத்தகைய பிசினை மரத்தினுள்ளேயே ஊட்டும் முறையை வகுத்தனர். வெனீர் எனப்படும் மெல்லிய மர ஏடுகளைப் பிசினில் ஊறவைத்து உலர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மிகுந்த சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்குவர். ஏடுகள் நசுங்கி ஒரே கட்டையாகிவிடும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானங்களின் சுழல்விசிறிகளும் இதனால் செய்யப்பட்டன.

இரயில்வேயில் பணியாற்றும் நம்மவர்க்கு இப்பொருள் அந்நியமானதன்று. 'கம்ப்ரெக்' என்ற பெயரில் பயணிகள் பெட்டிகளின் தரைக்குப் பயன்பட்ட பலகை இவ்வினத்தைச் சேர்ந்ததே. மின்மாற்றிகளின் உட்பாகங்களுக்கும் இது செல்கின்றது. இந்திய தர நிர்ணயம் 3513 இதற்குரியது.

இதன் முதற் குணம், ஈரத்திற்கு எளிதில் வசப்படாமை. மரம் உப்புவதற்குக் காரணம், அதன் நுண்ணறைகளின் சுவரில் நீர் புகுவது. அவ்விடத்தைப் பிசின் முன்னரே பற்றிக்கொள்வதால் நீர் மிகக் குறைவாகவே புகும், கைப்பிடியும் கோணாது. இரண்டாவது குணம் எடை. 45 செ.மீ. நீளமும் 7 செ.மீ. அகலமும் 5 செ.மீ. கனமும் உள்ள தேக்குக் கட்டை ஏறக்குறைய 1 கிலோ இருக்கும். அதே அளவுள்ள இக்கட்டை 2 கிலோவைத் தாண்டும். செதுக்கிய பின் பாதி எஞ்சினாலும் 1 கிலோ நிற்கும். கனமான கைப்பிடி அம்பு விடும்போது அதிர்வை அடக்கும். ஆனால் சிறுமியின் தோள் அதனைத் தாங்க வேண்டும். நடுவில் மட்டும் இக்கட்டையும், இரு புறமும் இலேசான மரமும் வைத்து ஒட்டுவது குழந்தைகளுக்கு உகந்தது.

குறையும் உண்டு. இது கடினமானது, ஆயினும் திடீர் அடியைத் தாங்கும் திறன் சாதாரண மரத்தைவிடக் குறைவு. ஆகையால் வளைய வேண்டிய மேற்கையும் கீழ்க்கையும் இதனால் செய்யலாகாது. அவற்றுக்கு மூங்கிலும் கண்ணாடியிழையுமே தக்கவை. வளையாது நிற்க வேண்டிய நடுப்பிடிக்கே இது உரியது.

பலகை வாங்கும்போது விளிம்பைக் கூர்ந்து நோக்குக. எல்லா ஏடுகளின் நாரும் வில்லின் நீளவாக்கில் ஓட வேண்டும். நாரைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய பலகை வேறு வேலைக்குரியது. வில்லுக்கு அதன் வலிமை போதாது. பணிமனைக் கழிவிலிருந்து துண்டு எடுத்து வருவதோ கூடவே கூடாது. 1966-ஆம் ஆண்டின் இரயில்வே சொத்துச் சட்டம் கழிவுக்கும் பொருந்தும். ரசீதுடன் வாங்குவதே நமக்கு அழகு.

அறுப்பதற்குக் கார்பைடு முனை வைத்த வாள் தேவை; சாதாரண வாள் விரைவில் மழுங்கிவிடும். அவசரப்பட்டுத் தள்ளினால் பிசின் கருகிப் புகையும். துளையிடும்போது மறுபக்கத்தில் உதவாத கட்டையொன்றை அணைத்து வைத்தால் ஓரம் பெயராது. ஏடுகளின் இடையே திருகாணியை நேரே முடுக்கினால் கட்டை பிளக்கும். முன்துளை இட்டே தீரவேண்டும். அம்பு செல்லும் பக்கவெட்டுக்கு எதிரே கைப்பிடி மெலிந்துவிடும். அங்கே கனம் குறைக்காமலும், கூரிய மூலை விடாமலும் அரத்தால் உருட்டி ராவுக. பின்னர் 80, 120, 220 என உப்புத்தாளை மாற்றித் தேய்த்தால் மெருகெண்ணெய் இன்றியே பளபளப்பு ஏறும்.

இனி அன்பரின் அச்சத்திற்கு வருவோம். கைப்பிடி பிளக்குமாயின், பெரும்பாலும் பிளப்பது ஒட்டிய இடமே. பிசின் நிறைந்த பரப்பில் தச்சர்களின் வெள்ளைப் பசை ஊறாது. ஊறாத பசை பிடிக்காது. எபாக்ஸிப் பசையே ஏற்றது. ஒட்டுமுன் 80 எண் உப்புத்தாளால் பரப்பைச் சொரசொரப்பாக்கி, தூளை அசிட்டோனால் துடைத்து உலரவிட வேண்டும். பிறகு விரல் படலாகாது. இறுக்கியை அளவுக்கு மீறி முடுக்கினால் பசை முழுதும் வெளியேறி மூட்டு வெறுமையாகிவிடும். பசை இறுகும் கால அளவைப் பாக்கெட்டில் கண்டவாறு காத்திருந்து நிறைவேற்றுக.

வில் முடிந்ததும் குழந்தையின் கையில் கொடுத்துவிடலாகாது. கைப்பிடியை உறுதியான கட்டையில் பொருத்தி, நாணில் கயிறு கட்டி, எட்ட நின்று பெரியவரே மகள் இழுக்கும் அளவுவரை ஐம்பது முறை இழுத்து, மெல்ல மெல்ல விடுக. பின் ஒவ்வொரு மூட்டையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மயிரிழைப் பிளவு தெரிந்தாலும் அந்த வில் விறகுக்கே உரியது. பட்ட பாட்டை எண்ணி இரக்கங்கொள்ளுதல் ஆகாது. அம்பின்றி நாணை இழுத்து விடுதலும் எந்நாளும் கூடாது.

இறுதியாக ஒன்று. இக்கட்டையின் தூள் கண்ணையும் தோலையும் மூச்சையும் வருத்தும். நம் குடியிருப்புகளில் சமையலும் படிப்பும் உறக்கமும் ஓரிரு அறைக்குள்ளேயே நடைபெறுகின்றன. ஆதலின் ராவுவதை வெளி முற்றத்தில், முகமூடியும் கண்ணாடியும் அணிந்து செய்க, பிள்ளைகளை அண்டவிடற்க. மகளின் வில்லுக்காக மகளின் மூச்சைக் கெடுப்பது பொருந்தாது.

இவ்வளவையும் பொறுமையோடு செய்யக்கூடுமெனில் அன்பர் அஞ்சாது தொடங்கலாம். பொறுமைக்கு நேரமில்லையெனில், இன்னும் ஓராண்டு மூங்கில் வில்லே மகளுக்குப் போதும். அடுத்த இதழில் நாண் முறுக்கும் முறையைப் பற்றி எழுதுவோம்.