பயர்பாக்ஸ் போனா நமக்கென்ன?

போன செமஸ்டர் மினி புராஜெக்ட் ரிவ்யூவில் நடந்தது இது. எங்கள் டீம் செய்தது ஒரு சாதாரண வெப் ஆப். லேப் வருகைப்பதிவை எடுக்கணும், கடைசியில் ஒரு பட்டனை அழுத்தினால் ரிப்போர்ட் ஒரு ஃபைலாகச் சேமிக்கப்படணும். அவ்வளவுதான். எங்கள் நான்கு பேர் லேப்டாப்பிலும் அருமையாக ஓடியது. ரிவ்யூவுக்கு வந்த சார் தன்னுடைய லினக்ஸ் மெஷினில், பயர்பாக்ஸில் திறந்தார். பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். அப்பவும் இல்லை. எங்களைப் பார்த்தார். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

"ஃபைலை எங்கே சேமிக்கட்டும்?" என்று கேட்கும் ஒரு புது ஏபிஐயைப் பயன்படுத்தியிருந்தோம். குரோம் வகையறாவில் அது உண்டு, பயர்பாக்ஸில் இல்லை. எங்களில் ஒருத்தர்கூட பயர்பாக்ஸில் திறந்து பார்க்காததால் அது தெரியவே இல்லை. வெளியே வந்ததும் நண்பன் சொன்னான்: "விடு மச்சான், மேலே 'குரோமில் திறக்கவும்'னு ஒரு பேனர் போட்டுடலாம். பயர்பாக்ஸ் எவன்டா யூஸ் பண்றான்?"

எண்ணிக்கையைப் பார்த்தால் அவன் சொன்னதில் தப்பே இல்லை. ஸ்டாட்கவுண்டர் கணக்குப்படி 2009 கடைசியில் இணையத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பயர்பாக்ஸ். இன்றைக்கு நூற்றுக்கு இரண்டு, மூன்று. குரோம் மட்டுமே மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் அந்த பேனரை நாம் போடக்கூடாது என்பதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

"குரோம் பிடிக்கலன்னா எட்ஜ் இருக்கு, ஓபரா இருக்கு, பிரேவ் இருக்கு" என்பீர்கள். கரூரில் பாடி கட்டுகிற பஸ்களைப் பார்த்திருப்பீர்கள். பெயின்ட் வேற, சீட் வேற, ஹாரன் வேற. அடியில் இருக்கிற சேசிஸ் ஒரே கம்பெனியுடையதாக இருக்கும். பிரவுசர் கதையும் அதுதான். ஓபரா தன் சொந்த எஞ்சினை 2013இல் கைவிட்டது. மைக்ரோசாப்ட் மாதிரி ஒரு நிறுவனமே தன் எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு, 2020 ஜனவரியில் குரோமியம் மேல் கட்டிய எட்ஜை வெளியிட்டது. பிரேவ், விவால்டி எல்லாம் உள்ளே அதே பிளிங்க் எஞ்சின். பெரிய அளவில் மிச்சம் இருப்பது இரண்டுதான்: ஆப்பிளின் வெப்கிட், மொசில்லாவின் கெக்கோ. இதில் வெப்கிட் ஓடும் சஃபாரி வேணும்னா நீங்கள் ஆப்பிள் சாதனம் வாங்கணும். ஆக, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் பெரிய கம்பெனி எதற்கும் சொந்தமில்லாமல், தினசரி வேலைக்குத் தாங்குகிற எஞ்சின் என்று ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

ஒரே எஞ்சின் இருந்தால் என்ன? நமக்கு டெஸ்டிங் வேலை மிச்சம்தானே? இந்தக் கேள்விக்கு 2001லிருந்து 2006 வரை ஏற்கனவே ஒரு தடவை பதில் கிடைத்தாகிவிட்டது. நெட்ஸ்கேப்பைத் தோற்கடித்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அப்போது சந்தையில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வைத்திருந்தது. ஜெயித்ததும் மைக்ரோசாப்ட் தூங்கிவிட்டது. ஆறாம் பதிப்பு வந்தது 2001இல், ஏழாம் பதிப்பு வந்தது 2006இல். நடுவில் ஐந்து வருஷம். நாம் போட நினைத்த அதே பேனர் அன்றைக்கு ஊரெல்லாம் தொங்கியது, பெயர் மட்டும் வேற. தென் கொரியாவில் ஆக்டிவ்எக்ஸ் இல்லாமல் நெட் பேங்கிங் செய்ய முடியாது என்ற நிலை வருஷக்கணக்கில் நீடித்தது. நெட்ஸ்கேப் 1998இல் திறந்துவிட்ட நிரலிலிருந்து வளர்ந்து, 2004 நவம்பரில் பயர்பாக்ஸ் 1.0 வந்த பிறகுதான் அந்தப் பூட்டு உடைய ஆரம்பித்தது. குரோம் வந்தது அதற்கு நாலு வருஷம் கழித்து, 2008இல். திறந்த கதவு வழியாக வந்தது என்றே சொல்லலாம்.

இப்போதைய விஷயத்துக்கு வருவோம். 2023 ஜூலையில் கூகுள் பொறியாளர்கள் 'வெப் என்விரான்மென்ட் இன்டக்ரிட்டி' என்று ஒரு யோசனையை வைத்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், நீங்கள் ஒரு தளத்தைத் திறக்கும்போது, "இந்த ஆளின் பிரவுசரும் சாதனமும் நம்பத்தக்கதுதானா?" என்று அந்தத் தளம் ஒரு மூன்றாவது ஆளிடம் சான்று கேட்கலாம். போலிக் கணக்குகளையும் பாட்களையும் தடுக்கத்தான் என்றார்கள். ஆனால் அந்தச் சான்றை யார் கொடுப்பது? நீங்களே கம்பைல் செய்த பிரவுசருக்கும், நம் ஹாஸ்டலில் பாதிப் பேர் வைத்திருக்கும் கஸ்டம் ராமுக்கும் அது கிடைக்குமா? விளம்பரத் தடுப்பான் போட்டவருக்கு? மொசில்லா வெளிப்படையாக எதிர்த்தது. பிரேவும் விவால்டியும் எதிர்த்தன. அந்த நவம்பரிலேயே கூகுள் அந்த யோசனையைக் கைவிட்டது. எதிர்ப்பவர்களில் சொந்த எஞ்சின் வைத்திருப்பவர் "என் எஞ்சினில் இதைச் சேர்க்க மாட்டேன்" என்று சொல்லும்போது அதற்கு ஒரு எடை உண்டு. மற்றவர்கள் கூகுள் எழுதும் நிரலிலிருந்து வேண்டாததை ஒவ்வொரு பதிப்பிலும் வெட்டிக்கொண்டே இருக்கணும்.

இனி பிரைவசி. "எனக்கு மறைக்க என்ன இருக்கு?" என்று கேட்காத ஆள் கிளாஸில் இல்லை. ஹாஸ்டல் ரூமுக்குத் தாழ்ப்பாள் எதற்கு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். மெடிக்கல் ஷாப், புத்தகக் கடை, அடகுக் கடை, டீக்கடை. ஒவ்வொரு கடைக்குள்ளும் ஒரே ஏஜென்ஸியின் ஆள் ஒருவர் நிற்கிறார். எல்லாரும் எழுதுவது ஒரே நோட்டில். நீங்கள் மெடிக்கலில் என்ன கேட்டீர்கள், அடகுக் கடையில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதெல்லாம் உங்கள் பெயருக்கு நேராக ஒரே பக்கத்தில் சேர்கிறது. மூன்றாம் தரப்புக் குக்கி செய்வது இதைத்தான். இரண்டு மணி ராத்திரிக்கு எஜுகேஷன் லோன் தேடிய பையனுக்கு மறுநாள் கிரிக்கெட் ஸ்கோர் பக்கத்தில் லோன் ஆப் விளம்பரம் வருவது ஜோசியத்தால் இல்லை.

பயர்பாக்ஸ் 2022 ஜூனிலிருந்து கம்ப்யூட்டரில் எல்லாருக்கும், நாம் எதையும் தொடாமலே, 'டோட்டல் குக்கி புரொடெக்‌ஷன்' தருகிறது. ஏஜென்ஸி ஆள் கடையில் நிற்கலாம், ஆனால் ஒவ்வொரு கடைக்கும் ஒரு தனி நோட்டு. ஒரு நோட்டில் எழுதியதை இன்னொரு கடையில் பிரித்துப் பார்க்க முடியாது. குரோம் என்ன செய்தது? மூன்றாம் தரப்புக் குக்கிகளை இரண்டு வருஷத்தில் ஒழித்துவிடுவோம் என்று 2020 ஜனவரியில் சொன்னார்கள். தள்ளிப் போட்டார்கள். மறுபடி தள்ளிப் போட்டார்கள். 2024 ஜூலையில், அப்படி ஒழிக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். விளம்பரத்தில் சம்பாதிக்கிற கம்பெனியே பிரவுசரும் செய்தால் வேறென்ன எதிர்பார்ப்பது? பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை.

யூபிளாக் ஆரிஜின் கதையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றியதால் 2024, 2025இல் பலருடைய மெஷினில் அது அணைந்துபோனது. பாதுகாப்பு, வேகம் என்று கூகுள் காரணம் சொன்னது, அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. பதிலுக்குக் கிடைப்பது கைகால் குறைந்த லைட் பதிப்பு. பயர்பாக்ஸில் முழுசும் இன்னும் ஓடுகிறது.

இன்காக்னிட்டோவை நம்பிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது உங்கள் ரூம்மேட்டிடமிருந்து ஹிஸ்டரியை மறைக்கும். தளங்களிடமிருந்து உங்களை மறைக்காது. இது சம்பந்தமாக அமெரிக்காவில் நடந்த வழக்கில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024இல் கூகுள் சம்மதித்தது.

இவ்வளவு சொன்னதால் மொசில்லாவுக்கு நான் கோயில் கட்டச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர்கள் மேல் எனக்கு நிறையவே கோபம் உண்டு. 2020 ஆகஸ்டில் சுமார் 250 பேரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். ரஸ்ட் மொழியை ஸ்பான்சர் செய்து வளர்த்த இடம் அது; அந்த ரஸ்டில் எழுதப்பட்ட செர்வோ எஞ்சின் டீமும் அந்த வெட்டில் போனது. 2024இல் ஒரு விளம்பரத் தொழில்நுட்பக் கம்பெனியை வாங்கினார்கள். அதே வருஷம், விளம்பரம் எவ்வளவு வேலை செய்தது என்று அளக்கும் ஒரு வசதியை, நம்மைக் கேட்காமலே ஆன் செய்து அனுப்பினார்கள். தனி ஆளை அடையாளம் காட்டாத வகையில் அதை வடிவமைத்திருந்தார்கள் என்பது உண்மை. கேட்காமல் செய்தார்கள் என்பதும் உண்மை. 2025 பிப்ரவரியில், "உங்கள் தரவை விற்க மாட்டோம்" என்று பக்கத்தில் இருந்த வாக்கியத்தை எடுத்துவிட்டார்கள். சில இடங்களின் சட்டத்தில் 'விற்பது' என்பதன் அர்த்தம் ரொம்ப விரிவாக இருக்கிறது என்று விளக்கம் வந்தது. சட்ட அறிவு அவர்களுக்கு இருக்கலாம். ஆனால் பிரைவசியை வைத்தே பெயர் வாங்கியவர்கள் அந்த ஒரு வாக்கியத்தில் கை வைத்தால் ஊர் என்ன பேசும் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

எல்லாத்துக்கும் அடியில் இருப்பது பணம். மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகுளிடமிருந்து வருகிறது, பயர்பாக்ஸில் கூகுளை இயல்பான தேடுபொறியாக வைப்பதற்கான கட்டணமாக. போட்டியாளர் கொடுக்கிற சோற்றில்தான் போட்டி நடக்கிறது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்துகிறது என்று தீர்ப்பளித்தார். நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்தக் கட்டணத்துக்கே தடை வந்தால் பயர்பாக்ஸ் தாங்காது என்று மொசில்லாவின் நிதி அதிகாரியே 2025 மே மாதம் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். செப்டம்பரில் வந்த பரிகார உத்தரவு கட்டணத்தை முழுசாகத் தடுக்கவில்லை. கூகுளுக்குப் போட்ட தண்டனையில் முதலில் சாகவேண்டியது பயர்பாக்ஸாக இருந்திருக்கும். இதைவிட மோசமான ஒரு சிக்கலை நான் பார்த்ததில்லை.

அதனால்தான் "மொசில்லா சரியில்லை, நான் குரோமுக்கே போறேன்" என்கிற கோபம் எனக்குப் புரியவில்லை. மெஸ்ஸில் உப்பு அதிகம் என்று சண்டை போட்டுவிட்டு, உப்பு மூட்டை விற்கிற கடைக்குச் சாப்பிடப் போவதா? பிரேவுக்குப் போகிறேன் என்றால் புரிகிறது, டிராக்கரைத் தடுப்பதில் அது கெட்டிக்காரப் பிரவுசர். ஆனால் உங்கள் எண்ணிக்கை பிளிங்க் கணக்கில் சேரும். நாளைக்கு ஒரு டீம் லீட், "பயர்பாக்ஸில் டெஸ்ட் செய்ய வேண்டாம், ரெண்டு பர்சென்ட்தானே" என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம் ஆகும்.

அந்த டீம் லீட் நாளைக்கு நம்மில் ஒருத்தர்தான். அதனால் முதலில் எங்கள் பட்டனுக்கே வருகிறேன். பேனர் போடவில்லை. அந்தப் புது ஏபிஐ இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பழைய டவுன்லோடு லிங்க் முறையில் ஃபைலைக் கொடுக்கும்படி மாற்றினோம். பத்துப் பதினைந்து வரி, அரை மணி நேர வேலை. உங்கள் புராஜெக்டையும் சப்மிட் செய்வதற்கு முன் ஒரு தடவை பயர்பாக்ஸில் திறந்து பாருங்கள். ஸ்க்ரோல்பாருக்கு வெப்கிட் முன்னொட்டு போட்டு கலர் கொடுத்திருந்தால் அங்கே தெரியாது. அதே வேலைக்கு ஸ்டாண்டர்ட் சிஎஸ்எஸ் பண்பு இருக்கிறது.

கம்ப்யூட்டரில் பயர்பாக்ஸ் போட்டவர்கள் அமைப்புகளில் பிரைவசி பகுதிக்குப் போய் 'ஸ்ட்ரிக்ட்' வைத்துப் பாருங்கள். அதில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு லாபம் உண்டு. டிடிபி வேலைக்காகப் பத்து இருபது தமிழ் ஃபான்ட் இறக்கி வைத்திருந்தால், அந்தப் பட்டியலே உங்களைக் கூட்டத்தில் தனியாகக் காட்டிக்கொடுக்கும். ஸ்ட்ரிக்ட்டில், சிஸ்டத்தோடு வந்த ஃபான்ட்களைத் தாண்டித் தளங்களுக்குத் தெரியாது. போனில் என்றால், ஆண்ட்ராய்டு பயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜினைச் சேர்த்துக்கொள்ளலாம். விளம்பரம் இறங்காததால் டேட்டாவும் மிச்சம், மாசக் கடைசியில் இதன் அருமை தெரியும். ஏதாவது தளம் ஓடவில்லை என்றால் உடனே குரோமுக்குத் தாவாமல், மெனுவில் இருக்கும் 'ரிப்போர்ட் புரோக்கன் சைட்'டை அழுத்தி ஒரு வரி எழுதிவிட்டுத் தாவுங்கள். தாவுவதை நான் தடுக்கவில்லை. நானும் சில நேரம் தாவுகிறேன்.