கப்டன் டயற்றின் வாத்தியக் குழு

கல்லூரிகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடைபெறும் நாளிலே, அணிநடைக்கு முன்னே செல்லும் பாண்ட் வாத்தியக் குழுவை நேயர்கள் கண்டிருப்பீர்கள். வெள்ளைச் சீருடையும் தொப்பியும் அணிந்த சிறுவர்கள் வெயிலில் வியர்த்து நிற்பர். பெரிய முரசைச் சுமப்பவனுக்கு அம்முரசே பாதி உடலை மறைத்துவிடும். பிரதம விருந்தினர் ஆசனத்தில் அமர்ந்த பின்னர் அவர்களை எவரும் நினைப்பதில்லை. அவர்களைப் பயிற்றிய ஆசிரியரை நினைப்பவரோ அதனினுங் குறைவு.

அத்தகைய ஆசிரியர் ஒருவரைப் பற்றியே இவ்வாரம் எழுத எண்ணினோம். அவர் நம் நாட்டவரல்லர். அமெரிக்காவின் சிக்காகோ நகரில், கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த தென்பகுதியிலே, 1931 ஆம் ஆண்டு முதல் 1962 வரை பாடசாலை வாத்தியக் குழுக்களை நடத்திய வால்டர் டயற் என்பார் அவர். காலாட்படைப் பிரிவொன்றின் வாத்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கியமையால் ‘கப்டன்’ என்ற பட்டம் அவர் பெயருடன் ஒட்டிக்கொண்டது. மாணாக்கர் அனைவருக்கும் அவர் கப்டன் டயற்றே.

இளமையில் அவர் கற்கப் புகுந்தது இசையன்று, வைத்தியத்துறை. குடும்பத்தைத் தாங்கவேண்டிய கடமை வந்தபோது, கையிலிருந்த வயலினை நம்பி நாடகக் கொட்டகை வாத்தியக் குழுவிற் சேர்ந்தார். நம் ஊர்த் தாய் தந்தையர் இதனைக் கேட்டால், டாக்டராக வேண்டிய பிள்ளை கெட்டுப் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். அவர் கெட்டுப்போகவில்லை. ஆசிரியராயிருந்துகொண்டே இசையிற் பட்டமும், அதன்பின் முதுமாணிப் பட்டமும் பெற்றார்.

முதலில் வென்டல் பிலிப்ஸ் உயர்தரப் பாடசாலையிற் கற்பித்த அவர், 1935 இல் அதன் நெருக்கடியைக் குறைக்கக் கட்டப்பட்ட புதிய பாடசாலைக்கு மாறினார். சிக்காகோவின் முதற் குடியேற்றவாசியாகிய கறுப்பினத்தவர் ஒருவரின் நினைவாக, அது மறுவருடம் டுசாபிள் எனப் பெயர் பெற்றது. அங்கு பயின்ற பிள்ளைகள் பலரின் பெற்றோர், தென்மாநிலங்களின் பருத்தித் தோட்டங்களையும் கொடுமைகளையும் விட்டு வடக்கே வந்தவர்கள். வந்த இடத்திலும் அவர்கள் எங்கு குடியிருக்கலாம் என்பதை நிறமே தீர்மானித்தது. இசைக் கலைஞரின் தொழிற்சங்கமுங்கூட வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று என இரண்டாயிருந்தது. அவ்விரு சங்கங்களும் ஒன்றானது 1966 இலேதான்.

இந்நிலையை உணர்ந்தால் டயற்றின் கண்டிப்பும் விளங்கும். இயல்பான இசைஞானம் கறுப்பினத்தவருக்குப் பிறவியிலே உண்டு என்று பிறர் சொல்லும் முகமனை அவர் ஏற்கவில்லை. காகிதத்தில் எழுதிய இசையைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வேண்டும், நேரத்துக்கு வரவேண்டும், சீருடையும் சப்பாத்தும் சுத்தமாயிருக்க வேண்டும் என்பன அவர் கட்டளைகள். நூறு கருவிகள் ஒருங்கே முழங்கும்போதும் பிழைபட்ட ஒரு சுரத்தைக் கேட்டு, பிழைத்தவனை நேரே சுட்டிக்காட்டுவாராம். கடுஞ்சொல்லுக்கும் அவர் பேர்போனவர். குழுவினின்று துரத்தப்பட்டு, பின்னர் திரும்ப அழைத்துக்கொள்ளப்பட்டவர்கள் பலர். இக்கடுமை முழுவதையும் நாம் போற்றவில்லை. ஆசிரியன் கோபம் சில பிள்ளைகளை மீளாது விரட்டிவிடும் என்பதை நாமறிவோம். ஆனால் அவர் எவரையும் பொருட்படுத்தாது விட்டாரென்று ஒருவரும் சொன்னதில்லை.

நகரக் கல்விச் சபை கொடுத்த பணம் கருவிகளுக்கும் சீருடைகளுக்கும் போதவில்லை. ஆகவே ‘ஹை ஜிங்க்ஸ்’ என்ற பெயரில் ஆண்டுதோறும் மாணாக்கரைக் கொண்டே ஆடலும் பாடலும் நகைச்சுவையும் கலந்த கலைநிகழ்ச்சி நடத்தி, ஊரவரிடம் நுழைவுச்சீட்டு விற்றுப் பணந் திரட்டினார். அப்பிள்ளைகளுக்கு முதன்முதல் அரங்கேற்றமும் அதுவேயாயிற்று.

ஜொனி கிரிபின் என்ற சிறுவனின் கதை இதற்குத் தக்க சான்று. பாடசாலை நடன விழாவொன்றில் ஜீன் அமன்ஸ் என்ற இளைஞர் சக்ஸபோன் வாசிக்கக் கேட்டு, தானும் அதனையே வாசிப்பேன் என்று டயற்றிடம் வந்து நின்றான். அமன்ஸும் டயற்றின் மாணாக்கரே. டயற் அவனுக்குச் சக்ஸபோன் கொடுக்கவில்லை. கிளாரினற்றைக் கையிற் கொடுத்து, முதலில் இதனைப் பழகு என்றார். பையனுக்கு ஏமாற்றமே. எனினும் கிளாரினற் தேர்ந்த விரல்களுக்குச் சக்ஸபோன் எளிதாக வசப்படும் என்பதை டயற் அறிவார். 1945 இல், பாடசாலையை விட்ட சில நாட்களுக்குள், லயனல் ஹம்ப்டனின் புகழ்பெற்ற குழுவில் அவனுக்கு இடங் கிடைத்தது. அப்போது வயது பதினேழு. வேகத்துக்குப் பெயர்போன சக்ஸபோன் கலைஞராக அவர் உலகமெங்கும் வாசித்து, 2008 இற் காலமானார்.

எமது தந்தையார் இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையிற் கேட்டு முணுமுணுத்த பாடல்களுள் நற் கிங் கோல் பாடியவையும் இருந்தன. அந்த நற் கிங் கோலும் டயற்றின் மாணாக்கரென்பதை நாம் மிகப் பிந்தியே அறிந்தோம். பாடகி டைனா வோஷிங்டன், பாடகர் ஜொனி ஹார்ட்மன், பியானோக் கலைஞர் டொரதி டொனகன் என்று பெயர்கள் நீளும். எமக்கு அவர்களிலும் முக்கியமாய்த் தோன்றுபவர் டபிள் பேஸ் வாசித்த றிச்சர்ட் டேவிஸ். அவர் 1977 இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகி, ஏறக்குறைய நாற்பது வருடம் பிறரைப் பயிற்றினார். 2023 வரை வாழ்ந்த அவருடைய மாணாக்கர் இன்றும் கற்பித்துக்கொண்டிருக்கிறார்கள். கையொப்பமின்றி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும் கடிதம் போன்றது இது.

டயற் 1969 இல் மறைந்தார். 1972 இல் அவர் பெயரால் சிக்காகோவில் ஒரு பாடசாலை திறக்கப்பட்டது. 2012 இல் அதனைப் படிப்படியாக மூடுவதென அதிகாரிகள் தீர்மானித்தனர். 2015 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் பெற்றோரும் பாட்டிமாரும் உட்படப் பன்னிருவர் உண்ணாவிரதம் ஆரம்பித்தனர். 34 நாட்கள் அது நீடித்தது. அவர்கள் கேட்டவையெல்லாம் கிடைக்கவில்லை. ஆனால் 2016 இற் பாடசாலை, கலைகளுக்கான உயர்தரப் பாடசாலையாக மறுபடி திறந்தது. வாத்தியக் குழு ஆசிரியரின் பெயர் அக்கட்டடத்தில் இருக்கிறது.

இனி எமது குறையையும் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன்னர் நாம் வேறொரு கல்லூரியிற் கற்பித்தபோது, சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வீழ்ந்தன. பத்தாம், பதினோராந் தர மாணாக்கரை வாத்தியக் குழுவினின்று நீக்கவேண்டும் என்று ஆசிரியர் கூட்டத்திற் பிரேரணை வந்தது. நாமும் கையுயர்த்தினோம். வாத்திய ஆசிரியர் எதிர்த்து ஒன்றுஞ் சொல்லவில்லை. கருவிகளைத் திருப்பியெடுக்க இரண்டு நாள் அவகாசம் வேண்டுமென்று மட்டும் கேட்டார்.

எமது வகுப்பிலே கடற்றொழிலாளி ஒருவரின் மகன் இருந்தான். கணிதத்திலும் தமிழிலும் பின்தங்கியவன், யூபோனியம் ஊதுவதில் மட்டும் முன்னின்றவன். அப்பியாசத்துக்காகக் காலை ஆறு மணிக்கே வந்து வாயிற்கதவருகில் நிற்பான். குழுவினின்று நீக்கியபின் ஏழரைக்கு வந்தான், பின்னர் எட்டுக்கு வந்தான், மூன்றாந் தவணையில் வரவேயில்லை. வீட்டில் வறுமையுமிருந்தது, ஆதலின் வாத்தியத்தை நிறுத்தியதே காரணம் என்று நாம் துணிந்து கூறமாட்டோம். அவன் திருப்பித் தந்த யூபோனியத்தை அலுமாரியில் வைக்கும்போது பார்த்தோம். அது முகம் தெரியும்படி மினுக்கப்பட்டிருந்தது.

வருகிற புதன்கிழமை எமது இப்போதைய கல்லூரியிலும் அதே பிரேரணை கூட்டத்துக்கு வருகிறது. இம்முறை பேச எமக்குப் பத்து நிமிடம் தரும்படி அதிபரிடம் கேட்டிருக்கிறோம். அவரும் இசைந்துள்ளார்.