ரீசெட்டுக்குப் பயம் வேண்டாம்!

சகோதரிகளே, சமையல் குறிப்புக்கும் கைவைத்தியத்துக்கும் நடுவில் இவள் ஏன் காமிராவைத் தூக்கிக்கொண்டு வருகிறாள் என்று முகம் சுளிக்காதீர்கள். பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்னால் ஆசை ஆசையாக வாங்கி, கைப்பேசி வந்ததும் பீரோவில் புடைவைகளுக்கு நடுவே போட்டு மறந்துவிட்ட டிஜிட்டல் காமிரா எத்தனை வீடுகளில் இருக்கிறது! இப்போது காலேஜ் போகும் பெண்கள் அதைத் தேடி எடுக்கிறார்கள். அதில் எடுத்தால்தான் படம் 'பழைய காலத்து' மாதிரி அழகாக வருகிறதாம். நமக்கு நேற்று வாங்கினாற்போல் இருக்கிறது. அவர்களுக்கு அது பழைய காலம்!

எடுத்துக் கொடுத்ததும் தொல்லை ஆரம்பம். ஒரு படம் ஒரே நீலம். அடுத்தது சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுப்பு. இன்னொன்றில் ரவையைத் தூவினாற்போல் புள்ளி புள்ளியாக. "சனியன், கெட்டுப் போச்சு, கடையில போடு" என்று வீட்டுக்காரர் சொல்லுவார். போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் காமிரா கெட்டிருக்காது. யாரோ எப்போதோ எதையோ மாற்றி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். பழைய ஆக்ஃபா கிளிக் காமிராவில் இந்த வம்பே கிடையாது. ரோலுக்கு 12 படம், வெயிலா மேகமா என்று நகர்த்த ஒரு சின்னத் தள்ளி. மற்றதெல்லாம் எடுப்பவர் சாமர்த்தியம். டிஜிட்டலில் மாற்றுவதற்கு அத்தனை சமாசாரம் வைத்துவிட்டார்கள்.

நீலத்துக்குக் காரணம் 'ஒயிட் பாலன்ஸ்'. குண்டு பல்பின் வெளிச்சம் மஞ்சளடிக்கும். அதைச் சரிக்கட்டக் காமிரா நீலத்தைக் கூட்டுகிறது. குழம்பில் புளி தூக்கலாகிவிட்டால் துளி வெல்லம் போடுகிறோமே, அந்த மாதிரி. புளியே இல்லாத பண்டத்தில் வெல்லத்தைப் போட்டால்? பல்புக்கென்று வைத்ததை மாற்றாமல் வாசல் வெயிலில் எடுத்தால் குழந்தை முகம் நீலம் பாரிக்கத்தான் செய்யும். இதே போல விளக்கு வெளிச்சத்தில் எடுத்த மஞ்சள் படத்தைப் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்கு மஞ்சள் காமாலையோ?" என்று கலங்கிய இளம் தாய் ஒருத்தியை எனக்குத் தெரியும். படத்தை நம்பாதீர்கள் அம்மா! பகல் வெளிச்சத்தில் குழந்தையையே பாருங்கள். தோலோ கண்ணின் வெள்ளையோ மஞ்சளாகத் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். இல்லையென்றால் காமிராவைச் சரிசெய்யுங்கள்.

வெளுப்புக்குக் காரணம், கூட்டல் கழித்தல் குறி போட்ட பட்டன். அதைக் கூட்டல் 2-ல் வைத்துவிட்டால் வழக்கத்தைப் போல் நாலு மடங்கு வெளிச்சம் உள்ளே போகும். அணைத்துப் போட்டாலும் பல காமிராக்கள் இதை மறப்பதில்லை. ரவைப் புள்ளிக்குக் காரணம் 'ஐ.எஸ்.ஓ.' 1600 என்று ஏறி நிற்பது. இதையெல்லாம்விட மோசம், படத்தின் அளவு. இடம் மிச்சமாகட்டும் என்று யாராவது 640-க்கு 480 என்று குறைத்து வைத்திருந்தால், காமிராத் திரையில் படம் பளிச்சென்றே இருக்கும். பெரிசாகப் பிரிண்ட் போடும்போதுதான் குட்டு உடையும். பிறகு எந்த வித்தையாலும் மீட்க முடியாது.

ஒவ்வொன்றாகத் தேடுவானேன்? கடையிலிருந்து வந்த நாளில் இருந்த நிலைக்கு எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் கொண்டு வரலாம். அதுதான் ரீசெட். முதலில் பாட்டரியை நிறைய சார்ஜ் செய்துகொள்ளுங்கள். 'மெனு' பட்டனை அமுக்கி, ஸ்பானர் படம் போட்ட பக்கத்துக்குப் போங்கள். கானன், நிக்கான் சின்னக் காமிராக்களில் கீழே இறங்கிக்கொண்டே போனால் 'ரீசெட் ஆல்' என்று வரும். சோனியில் பலவற்றில் 'இனிஷியலைஸ்' என்ற பெயரில் இருக்கும். நிக்கானின் பெரிய காமிராவாக இருந்தால் பச்சைப் புள்ளி வைத்த இரண்டு பட்டன்கள் இருக்கும். இரண்டையும் சேர்த்து இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் மேலே அமுக்கிப் பிடித்தால், முக்கியமானவை பழைய நிலைக்கு வந்துவிடும். தலையில் உள்ள திருகு வளையம் தானாகத் திரும்பாது. அதை நாம்தான் 'ஆட்டோ'வுக்குத் திருப்ப வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தெரு அக்கா இந்த இடம் வரைக்கும் வந்து கையை எடுத்துவிட்டார். மகளுக்கு வளைகாப்பு அடுத்த வாரம். காமிராவோ நீலமாக எடுக்கிறது. ஆனால் அது அவர் வீட்டுக்காரர் வாங்கியது. அவர் போய் மூன்று வருடமாகிறது.

"ஏம்மா, இதை அமுக்கினா அவர் எடுத்த போட்டோவெல்லாம் போயிடுமா?"

"போகாதுக்கா. ரீசெட் படத்தைத் தொடாது. அடுப்புத் திருகைச் சிம்முக்குக் கொண்டு வர்ற மாதிரி. சட்டியில இருக்கிறது அப்படியேதான் இருக்கும்."

அரைமனதாகச் சம்மதித்தார். அமுக்கினோம். படங்கள் பத்திரமாக இருந்தன. அதற்குப் பிறகுதான் நான் அந்த மெமரி கார்டை வெளியே எடுத்துவிட்டுக் காமிராவைப் போட்டுப் பார்த்தேன். சில காமிராக்களுக்குச் சொந்தமாகவே கொஞ்சம் உள் நினைவு உண்டு. கார்டு இல்லாதபோது எடுத்த படங்கள் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். கார்டைப் போட்டதும் கண்ணுக்குத் தெரியாது. அக்கா காமிராவில் அப்படிப் பதினொரு படங்கள். ஒன்றில் அவர் முண்டாசு கட்டிக்கொண்டு மாடியில் வடகம் காயப் போடுகிறார். அக்கா ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. "இதை நான்தான் எடுத்தேன்" என்றார் கடைசியில்.

ஆகவே பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: அதே ஸ்பானர் பக்கத்தில், ரீசெட்டுக்குப் பக்கத்து வீடு மாதிரி உட்கார்ந்திருக்கும் 'ஃபார்மட்'! அது கார்டையே துடைத்துவிடும். கார்டு இல்லாதபோது அமுக்கினால் உள் நினைவைத் துடைத்துவிடும். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு தரம் படித்துவிட்டு அமுக்குங்கள். தப்பித் தவறி ஃபார்மட் ஆகிவிட்டால், அந்தக் கார்டில் அதற்குமேல் ஒரு படம்கூட எடுக்காமல் தனியே வையுங்கள். மேலே புதிதாக எதுவும் பதியாதவரை, படங்களை மீட்டுத் தரும் மென்பொருள்களால் பல சமயம் பலன் கிடைக்கும்.

தேதியையும் ஒரு பார்வை பாருங்கள். ரீசெட்டால் பல காமிராக்களில் தேதி மாறாது. ஆனால் பாட்டரி இல்லாமல் மாதக்கணக்கில் பீரோவில் கிடந்திருந்தால் கடிகாரம் நின்றுபோயிருக்கும். அப்படியே எடுத்தால் குழந்தையின் முதல் பிறந்தநாள் படத்தில் அது பிறப்பதற்கு முந்தைய வருடம் விழுந்து, பின்னால் ஆல்பத்தில் வரிசைப்படுத்தும்போது தலைவலி.

ரீசெட் செய்தும் படம் மங்கலா? லென்ஸில் எண்ணெய்க் கை பட்டிருக்கும். முந்தானையால் துடைக்காதீர்கள், தூசி கீறிவிடும். மூக்குக் கண்ணாடிக்குக் கொடுக்கும் மிருதுவான துணி போதும். லென்ஸுக்குள்ளே நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை, ஈரத்தால் வருவது. அதைக் காமிரா ரிப்பேர்காரர்தான் எடுக்க வேண்டும். இனிமேல் வராமலிருக்க, புடைவை மடிப்பிலிருந்து எடுத்து, இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். பாட்டரியைத் தனியே கழற்றி வைக்க வேண்டும். பொட்டலத்தைக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். டப்பா மேல் தட்டில் இருக்கட்டும்.