டிக்கட்டில் காணாத இரண்டரை மணித்தியாலம்



எங்கள் அயல் வீட்டு உம்மா, மகளை உம்றாவுக்கு அனுப்பிவிட்டு டிக்கட்டின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். கட்டுநாயக்காவில் புறப்பாடு பிற்பகல் 3.00, ஜித்தாவில் இறங்குவது மாலை 6.45 என்றிருந்தது. இரவு ஒன்பது மணியாகியும் மகளிடமிருந்து தகவல் இல்லை. அழ ஆரம்பித்துவிட்டார். மகளோ அந்நேரம் இன்னும் விமானத்தில்தான் இருந்தார்!

டிக்கட்டில் போடப்படும் நேரம் அந்தந்த ஊர் நேரம். சவூதியின் கடிகாரம் நமது கடிகாரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் ஓடுகிறது. ஜித்தாவில் மாலை 6.45 என்றால் நமக்கு இரவு 9.15. ஆக, பயணம் மூன்றே முக்கால் மணித்தியாலமல்ல, ஆறே கால் மணித்தியாலம். இறங்கிய பிறகும் குடிவரவு, பயணப்பொதி என்று வெளியே வர ஒன்றிரண்டு மணித்தியாலம் போய்விடும். தொலைபேசியை அதற்குப் பிறகு எதிர்பாருங்கள்.

“மூன்று மணித்தியாலம்தானே வித்தியாசம்?” என்று பழையவர்கள் சிலர் சொல்வார்கள். அவர்களிலும் பிழையில்லை. 1996 இல் நமது நாட்டுக் கடிகாரத்தை முன்னே நகர்த்தினார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். இடைப்பட்ட காலத்தில் சவூதியில் வேலை செய்தவர்களுக்கு அந்தக் கணக்கே மனதில் நின்றுவிட்டது.

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறக்குறைய 4,650 கிலோமீற்றர். மணிக்கு 850 கிலோமீற்றர் போகும் விமானத்துக்கு ஐந்தரை மணித்தியாலத் தூரம். ஆனால் விமானம் நேர்கோட்டில் போவதில்லை. ஓடுபாதையில் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் நேரம் பிடிக்கும். குளிர்காலத்தில் அரேபிய வானின் உயரத்தில் மேற்கிலிருந்து பலமான காற்று வீசும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது அதுவே தள்ளிவிடும். ஆனால் திரும்பும் டிக்கட்டைப் பார்த்தால் எட்டு மணித்தியாலம் போலத் தெரியும். இப்போது கழிக்க வேண்டியது இரண்டரை.

நீரிழிவுக்கு ஊசி போடும் உம்மாவை அனுப்புகிறீர்களா? போகும் நாளில் அவருடைய பகல் இரண்டரை மணித்தியாலம் நீண்டுவிடும். ஊசியும் சாப்பாடும் எந்தக் கடிகாரப்படி என்பதை வைத்தியரிடம் கேட்டு, தாளில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். மருந்தைப் பெரிய பொதியில் போட்டுவிட வேண்டாம்.

இன்னுமொன்று. உம்றாவுக்குச் செல்வோர் மீக்காத் எல்லையை ஜித்தாவில் இறங்கும் முன்பே வானில் கடந்துவிடுகிறார்கள். ஆண்கள் உடை மாற்றுவதால் அவர்களுக்கு நினைவு வரும். நமக்குத் தனி உடை இல்லை. தூங்கிவிட்டால் நிய்யத் தவறிப்போகும். புறப்பட்டு நாலரை மணித்தியாலம் ஆனதும் எழுப்பிவிடும்படி பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் சொல்லி வையுங்கள். கைக்கடிகாரத்தை அதுவரை மாற்றாதீர்கள்.