ரிவர்ஸ் கியர் இல்லாத வண்டி

ஓசூரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த என்ஜினீயரைக் கண்டுபிடிக்க ஜோசியம் தெரிய வேண்டாம். சிப்காட் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றால் போதும். கழுத்தில் புது அடையாள அட்டை, காலில் கடிக்கிற புது ஷூ. முதலில் இங்கிலீஷில் டீ கேட்பார். அப்புறம் இந்தி. பக்கத்தில் கர்நாடகா என்பது ஞாபகம் வந்ததும் அரைகுறைக் கன்னடம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சர்க்கரை தூக்கலாவா சார்?" என்பார் கடைக்காரர், தமிழில்.

லாரிக்கு அசோக் லேலண்ட், டூ வீலருக்கு டி.வி.எஸ்., வாட்சுக்கு டைட்டன் என்று பெயர் வாங்கிய ஊர் இது. "எந்தக் கம்பெனி?" என்றால் பாதிப் பதில் நமக்கே தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்த உள்ளூர்ப் பையன் ஒருவன் சொன்ன பதில் மட்டும் புதுசு.

"டன்னல் தோண்டற மெஷின் கம்பெனிண்ணா. ஆட்டோமேஷன் என்ஜினீயர். பெங்களூர்ல வேலை."

"நீ தோண்டுவியா?"

"மெஷின் தோண்டும். எப்ப நிறுத்தணும்னு அதுக்குச் சொல்ற புரோகிராம்தான் என் வேலை."

பெங்களூர் மெட்ரோவுக்காக 'ஊர்ஜா' என்று ஒரு மெஷின், 2020 ஜூலையில் கன்டோன்மென்ட்டில் கிளம்பி, 2021 செப்டம்பரில் சிவாஜி நகரில் தலையை நீட்டியது. தூரம் 855 மீட்டர். அதாவது ஒரு நாளைக்குச் சராசரியாக இரண்டு மீட்டர். நத்தை சிரிக்கும். ஆனால் பெங்களூருக்கு அடியில் ஒரு பக்கம் கருங்கல், ஒரு பக்கம் களிமண். நத்தையை அங்கே அனுப்பினால் ராஜினாமா செய்துவிடும்.

இன்னொரு சங்கடம், இந்த வண்டிக்கு ரிவர்ஸ் கிடையாது. போகப் போகப் பின்னால் கான்கிரீட் வளையம் மாட்டிக்கொண்டே போகிறது. வளையத்தின் வாய் மெஷினைவிடச் சின்னது. வந்த வழியே முழுசாகத் திரும்ப முடியாது. ஓசூரில் செய்கிற மற்ற வண்டி மக்கர் செய்தால் சர்வீஸுக்கு விடலாம். இது மக்கர் செய்தால் சர்வீஸ்காரர்தான் பூமிக்குள் போகணும்.

புரோகிராம் என்னதான் பார்க்கும் என்று கேட்டேன். பையன் சொல்லச் சொல்ல, பி.காம். படித்த எனக்குப் பழைய சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. அத்தனையும் வரவு செலவு! மெஷினின் விட்டம் ஆறரை மீட்டர், ஒரு வளையத்துக்கு 1.4 மீட்டர் முன்னேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய மண் சுமார் 46 கன மீட்டர். உதிர்ந்ததும் கொஞ்சம் உப்பும், அதற்கும் கணக்கு உண்டு. வெட்டியதைவிட அதிகமாக மண் வெளியே வந்தால்?

"மேலே எங்கியோ காலி ஆகுதுன்னு அர்த்தம்ணா."

எங்கள் பாஷையில் டேலி ஆகவில்லை. ஆபீஸில் டேலி ஆகாவிட்டால் ராத்திரி உட்கார்ந்து தேடுவோம். இங்கே மேலே ரோடு உட்காரும்.

"சென்ஸார் சொல்லிடுமே?"

"சொல்லும். ஆனா அதுமேல களிமண் அப்பிக்கிச்சுன்னா? மண்ணு எடை போடற தராசுலயும் சேறு ஒட்டும்ணா."

தராசு சமாச்சாரம் மளிகைக் கடையில் வாங்குகிற நமக்குத் தெரியாததா!

ரோடு உட்காருவது கற்பனையில்லை. 2017 ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை. சென்னை அண்ணா சாலையில், கீழே மெட்ரோ சுரங்க வேலை நடந்த இடத்தில் ரோடு உள்வாங்கி, ஒரு மாநகர பஸ்ஸும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. நல்லவேளை, பயணிகள் தப்பினார்கள். 2019 ஆகஸ்ட் கடைசியில் கல்கத்தாவின் பவ்பஜாரில், மெஷின் நிலத்தடி நீரில் போய் முட்ட, தண்ணீர் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. மேலே பழைய வீடுகள் விரிசல் விட்டன, சில இடிந்தே விழுந்தன. பல குடும்பங்கள் கட்டின துணியோடு தெருவுக்கு வந்தன. இரண்டுக்கும் காரணங்கள் வேறாக இருக்கலாம். மேலே இருந்தவர்களுக்குக் கீழே நடந்தது தெரியாது என்பது மட்டும் ஒன்றுதான்.

"சேர்ந்த அன்னிக்கு என்ன பண்ணாங்க?" என்றேன். வரவேற்பு பலமாம். பூங்கொத்து, கேக், பை, பாட்டில், குரூப் போட்டோ, மூன்று நாள் ஏ.ஸி. ஹாலில் படம் போட்டுப் பாடம். எல்லாம் நல்லதுதான், குறை சொல்லவில்லை. முதலாளிகளுக்கு என்னிடம் ஒரு யோசனை மட்டும் இருக்கிறது, பைசா செலவில்லை.

நாலாவது நாள் பிள்ளைகளைச் சுரங்கத்துக்கு நேர் மேலே உள்ள தெருவில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடக்க விடுங்கள். பள்ளிக்கூடம், இட்லிக் கடை, மாடியில் துணி காயப்போடும் அம்மா, சுவரில் ஏற்கெனவே இருக்கிற விரிசல், எல்லாவற்றையும் பார்க்கட்டும். ஏதாவது ஒரு வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கட்டும்.

ஏன் என்றால், அலாரம் சும்மா சும்மா அடித்து உயிரை எடுக்கிற ஒரு ராத்திரி வரும். 'அளவைக் கொஞ்சம் தளர்த்தினால் இந்தச் சத்தம் நிற்குமே' என்று கை கீபோர்டுப் பக்கம் போகும். அப்போது அந்த டம்ளர் தண்ணீர் ஞாபகம் வரணும்.