வீட்டுப் பின்புறம் ஒரு தோட்டம்

தோட்டம் என்றதும் நம் மாணவச் செல்வங்களின் நினைவுக்கு வருவது செம்பனையே; அவர்தம் பாட்டனார்க்கு ரப்பர். கோல சிலாங்கூர் வட்டாரத்தில் அச்சொல் பிழைப்பைக் குறிக்குமேயன்றி, வீட்டுப் பின்புறத்துக் கறிவேப்பிலையைக் குறிப்பதில்லை.

"என் பிள்ளை மண்வெட்டி பிடிக்க வேண்டாம், ஐயா. அது என்னோடு போகட்டும்" என்று பெற்றோர் சிலர் என்னிடம் கூறுவதுண்டு. அவ்வேதனையை நான் அறிவேன். நானும் பால்மரம் சீவிய தாயின் மகனே. எனினும் அக்கருத்தை ஏற்பதற்கில்லை. பிறர் நிலத்தில் கூலிக்குக் குனிவது வேறு. தன் வீட்டுக் குழம்புக்குத் தானே வெண்டைக்காய் பறிப்பது வேறு. தான் ஊன்றிய விதை முளைத்ததா என்று விடியுமுன் ஓடிப் பார்க்கும் பிள்ளையை யாரும் ஏவவில்லையே!

1974ஆம் ஆண்டில், விலைவாசி ஏறியிருந்த காலத்தில், பிரதமர் துன் அப்துல் ரசாக் பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டருகே காய்கறி பயிரிடுமாறு மக்களை வேண்டினார். நம் லயத்துத் தாய்மார்க்கு அது புதிய பாடமன்று.

நம் கரையோரக் களிமண்ணில் மழைநீர் எளிதில் வடியாது. ஆகவே மண்ணை மேடாக்கி முருங்கைக் கிளையை ஊன்றுக. தண்டுக்கீரையை ஒரு மாதத்தில் பறிக்கலாம். வெண்டை இரண்டு மாதத்தில் காய்க்கும். அரிசி கழுவிய நீர் வீணாக வேண்டா. நீர்ப் பீப்பாயை மட்டும் மூடி வைத்தல் வேண்டும். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர் தேங்கும் இடங்களில் முட்டையிடும்.

"வீடு நமதன்றே, மரம் எதற்கு?" என்பாரும் உளர். மாறிச் செல்லும் நாளில் ஒரு கிளையை வெட்டி உடன் கொண்டு செல்லலாம். வெண்டை விதை வேண்டுவோர் என் அலுவலகத்திற்கு வருக. பெற்றோருடன் வரும் மாணவர்க்கே முதலில் தரப்படும்.