மூடி சரியில்லாத பானைக்குப் பெரிய அடுப்பா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் தங்கை பெண் வந்தாள். கையில் வழவழவென்று ஒரு புத்தகம். ஏதோ கல்யாணப் பத்திரிகை என்று ஆசையோடு வாங்கிப் பார்த்தேன். இல்லை, அடுக்குமாடி வீடு விற்கிறவர்கள் அச்சடித்த படப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் மரம், மரத்தடியில் குழந்தைகள், மேலே கொட்டை எழுத்தில் 'பசுமைக் கட்டடம்'.

"பெரியம்மா, இதே பேட்டையில இதே அளவு ஃபிளாட் இன்னொரு இடத்துல மூணு லட்சம் கம்மி. இவரு பசுமைக் கட்டடம், அதனால ஜாஸ்திங்கறார். கொடுக்கலாமா?"

ஊஞ்சலில் படுத்திருந்த எங்கள் வீட்டுக்காரர் கண்ணைத் திறக்காமலே, "பச்சை பெயிண்ட்டுக்கு மூணு லட்சமா?" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். ஆனால் எனக்குச் சிரிப்பு நீடிக்கவில்லை. நாங்கள் ஃபிளாட் வாங்கிய கதை ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

பதினாலு வருஷத்துக்கு முன் இந்த வீட்டைப் பார்க்க வந்தபோது நான் என்னென்ன கேட்டேன் தெரியுமா? சமையலறை மேடைக்கு என்ன கல், குழாய் என்ன கம்பெனி, லிஃப்ட் உண்டா, கோயில் எவ்வளவு தூரம்! மேற்கே பார்த்த படுக்கையறையில் சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். "சூரியாஸ்தமனம் பிரமாதமாகத் தெரியும், அம்மா" என்றார் கட்டினவர். அவர் சொன்னது வாஸ்தவம். சூரியன் மத்தியானம் இரண்டு மணிக்கே அறைக்குள் வந்து உட்கார்ந்து, அஸ்தமனம் ஆனபிறகுதான் கிளம்புவார். போதாததற்கு நாங்கள் இருப்பது மேல்மாடி. சித்திரை வைகாசியில் சாயங்காலம் சுவரில் கை வைத்தால் தோசைக்கல்தான்.

அந்த அறைதான் என் மாமியாருக்கு. ஏ.ஸி. வைத்தோம். போதவில்லை என்று அதைவிடப் பெரிதாக ஒன்று வைத்தோம். அதுவும் முனகிக்கொண்டே ஓடியது. அவர் தம் கடைசி மூன்று கோடைகளையும் ஹாலில் சாய்வு நாற்காலியிலேயே கழித்தார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. "ஹால்லதாம்மா நாலு மனுஷாளைப் பார்க்கலாம்" என்பார். காரணம் அதுவல்ல என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். பானைக்கு மூடி சரியாகப் பொருந்தவில்லை, சாதம் வேக நேரமாகிறது. நாம் என்ன செய்வோம்? வேறு மூடி தேடுவோம். கடைக்குப் போய்ப் பெரிய அடுப்பு வாங்கி வருவோமா? வீட்டு விஷயத்தில் நாங்கள் பெரிய அடுப்பைத்தான் வாங்கினோம்.

இந்த மூடி விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நியூயார்க் வரையில் என்னோடு வாருங்கள். 1931-ல் கட்டிய எம்பயர் ஸ்டேட் கட்டடம், 102 மாடி. 2009-ல் அதன் சொந்தக்காரர்கள் பழைய கட்டடத்தைப் புதுப்பிக்க ஆரம்பித்தார்கள். குளிர்சாதன யந்திரங்கள் பழசாகிவிட்டன. புதிதாக, இன்னும் பெரிதாக வாங்கலாம் என்று ஒரு யோசனை. கணக்குப் போட்டவர்கள், "முதலில் ஜன்னலைப் பாருங்கள்" என்றார்கள்.

மொத்தம் 6,514 ஜன்னல்கள். அவற்றைக் கழற்றி எறியவில்லை. நம் பாட்டி பழைய பட்டுப் புடைவையைப் பிரித்து, உள்துணி வைத்துத் தைப்பாளே, அது மாதிரிதான் செய்தார்கள். கட்டடத்தின் ஐந்தாவது மாடியிலேயே ஒரு பட்டறை போட்டு, ஒவ்வொரு ஜன்னலின் இரட்டைக் கண்ணாடியையும் பிரித்துத் துடைத்து, நடுவே மெல்லிய படலம் ஒன்றை வைத்து, வெப்பத்தை எளிதில் கடத்தாத வாயுவை அடைத்து, திரும்பப் பொருத்தினார்கள். கண்ணாடியும் சட்டமும் பெரும்பாலும் பழசேதான். வெயில் உள்ளே வருவது குறைந்தது. பெரிய யந்திரங்கள் புதிதாக வாங்க வேண்டிய அவசியமே இல்லாமற் போயிற்று, இருந்தவற்றைச் செப்பனிட்டதே போதும் என்று ஆயிற்று. யந்திரம் வாங்காமல் மிச்சமான பணம் ஜன்னல் செலவுக்குக் கை கொடுத்தது. எல்லா வேலையும் சேர்ந்து எரிசக்திச் செலவில் 38 சதவிகிதம், அதாவது வருஷத்துக்கு 44 லட்சம் டாலர், மிச்சமாகும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. தர்மத்துக்காகச் செய்தவர்களல்ல, வாடகை வாங்கிப் பிழைக்கிற கெட்டிக்கார வியாபாரிகள்.

இன்னொரு ஊர், ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டின் தலைநகரமான ஹராரே. அங்கே 1996-ல் ஈஸ்ட்கேட் என்று கடைகளும் ஆபீஸ்களும் உள்ள ஒரு பெரிய கட்டடம் எழுந்தது. குளிர்சாதன யந்திரத்தை வெளிநாட்டிலிருந்துதான் தருவிக்க வேண்டும். பழுது பார்ப்பதும் பெரும்பாடு. "அது இல்லாமலே கட்ட முடியுமா?" என்று கேட்டார்கள் பணம் போட்டவர்கள். மிக் பியர்ஸ் என்ற கட்டடக் கலைஞர் கரையான் புற்றைப் பார்த்து ஒரு யோசனை பண்ணினார். ராத்திரியில் விசிறிகள் வெளியே இருக்கும் குளிர்ந்த காற்றைத் தரைக்கு அடியிலுள்ள இடைவெளிகளில் ஓட்டும். கனமான காங்க்ரீட் அந்தக் குளிர்ச்சியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பகலில் அதே வழியாக வரும் காற்று குளிர்ந்து அறைக்குள் வரும். சூடான காற்று மேலே புகைபோக்கி வழியாகப் போய்விடும். யந்திரம் வாங்காததிலேயே லட்சக்கணக்கான டாலர் மிச்சம். அதனால் வாடகையும் அக்கம்பக்கத்தைவிடக் குறைவாகக் கேட்க முடிந்தது. கரையான் புற்றில் காற்று ஓடுவது அவர் நினைத்த மாதிரி அல்ல என்று பின்னால் விஞ்ஞானிகள் சொன்னார்கள். கட்டடம் என்னவோ சமர்த்தாக வேலை செய்கிறது!

உடனே, "நம் ஊரிலும் அப்படியே கட்டலாமே" என்று கிளம்பிவிடாதீர்கள். ஹராரே சுமார் 1,500 மீட்டர் உயரத்திலிருக்கும் ஊர். ராத்திரி ஜில்லென்று இருக்கும். சென்னையில் வைகாசி மாசத்து ராத்திரி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். நம் ஊருக்கு நம் ஊர் வழிதான்.

அந்த வழியும் பக்கத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, சுவருக்கு நடுவே பொந்து விட்டுக் கட்டுவார். செங்கல் ஏறக்குறைய கால் பங்கு குறையும். நடுவே இருக்கும் காற்று வெயிலைத் தடுக்கும். செலவும் குறைவு, சூடும் குறைவு. ஹைதராபாதில் தொழிலதிபர்கள் சங்கம் கட்டிய பசுமைக் கட்டடம், அமெரிக்காவுக்கு வெளியே முதல் தடவையாக, 'பிளாட்டினம்' தரம் என்ற உயர்ந்த சான்று வாங்கியது. நடுவில் முற்றம், சுற்றிலும் வெளிச்சம், காற்று. நம் பாட்டனார் வீட்டில் இருந்ததுதான்!

இவ்வளவு லாபமென்றால் எல்லாரும் ஏன் இப்படிக் கட்டுவதில்லை? நியூயார்க்கிலும் ஹராரேயிலும் செலவழித்தவருக்கே லாபமும் வந்தது. நம் அடுக்குமாடி வீடுகளிலோ வீடு கட்டுகிறவர் ஒருவர். பில் கட்டுகிறவர் இன்னொருவர். ஜன்னலுக்கு வெளியே நிழல் வைத்தால் அவர் பையிலிருந்து போகிறது. மிச்சம் நம் பையில் சேருகிறது. விலை பேசும்போது நாம் அதைப் பற்றிக் கேட்டால்தானே அவருக்கும் அது வியாபாரம்?

ஆகையால் தங்கை பெண்ணிடம் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

மேற்குச் சுவரில் எத்தனை ஜன்னல்? வெளியே நிழலுக்கு என்ன ஏற்பாடு? சாயங்கால வெயில் தாழ்ந்து வருவதால் மேலே நீட்டியிருக்கும் சன்ஷேட் மட்டும் போதாது. மரமோ, வெளிப்பக்கத் தட்டியோ, மூடு பலகையோ வேண்டும். உள்ளே போடும் திரை, சூடு உள்ளே வந்தபிறகு சாத்துகிற கதவு.

மேல்மாடியானால், மொட்டைமாடித் தளத்துக்கு வெள்ளை ஓடோ, சூட்டைத் தடுக்கும் அடுக்கோ உண்டா?

அறைக்குள் காற்று வருவதற்கு ஒரு வழி, போவதற்கு ஒரு வழி இருக்கிறதா?

தண்ணீர்? மழைநீர் சேமிப்பைத் தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். தொட்டி காகிதத்தில் இருக்கிறதா, தரையில் இருக்கிறதா என்று பாருங்கள். 2019-ல் ஏரிகள் வற்றி லாரித் தண்ணீருக்குக் காத்திருந்ததை அதற்குள் மறந்திருக்க மாட்டீர்கள்.

சான்றிதழ் எது? கட்டுமுன் வரைபடத்தைப் பார்த்துக் கொடுக்கும் முன்சான்று வேறு. கட்டி முடித்தபின் சோதித்துக் கொடுப்பது வேறு. புத்தகத்தில் அச்சடித்திருப்பது எது என்று கேளுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது: அதே மனிதர் முன்பு கட்டிய வீட்டுக்குப் போய், அங்கே குடியிருக்கும் ஓர் அம்மாளிடம் கோடைக்கால மின்சார பில்லைக் காட்டச் சொல்லுங்கள். பொய் சொல்லத் தெரியாத காகிதம் அது.

தங்கை பெண் சமர்த்து. அப்படியே போய்க் கேட்டாளாம். கட்டுகிறவர் தலையைச் சொறிந்துகொண்டு, "இத்தனை வருஷத்துல கிரானைட் கலர் கேட்காதவங்க இல்லைம்மா, நிழல் எங்கேன்னு கேட்டது நீங்கதான்" என்றாராம். மனிதர் நல்லவர், தாம் முன்பு கட்டிய வீட்டு விலாசத்தையும் கொடுத்தார். அங்கே ஒரு மாமி, மோர் கொடுத்து உட்காரவைத்து, பில்லை எடுத்துக் காட்டினாள். கோடையில் எங்களுக்கு இரண்டு மாத பில் பத்தாயிரத்தைத் தொடும். அவளுக்கு ஐயாயிரத்துச் சொச்சம்.

இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வருஷம் முழுவதும் சேர்த்தால் சுமார் ரூ. 18,000 மிச்சம். மூன்று லட்சம் திரும்பி வரப் பதினாறு வருஷத்துக்கு மேல் ஆகும். "அப்போ வேண்டாமா, பெரியம்மா?" என்றாள். "வேணும், ஆனா மூணு லட்சத்துக்கு வேண்டாம். ஜன்னலைச் சின்னதாக்கி, தளத்துக்கு வெள்ளை ஓடு போட அவருக்கு அவ்வளவு செலவில்லை. போய்ப் பேரம் பேசு" என்றேன். கத்திரிக்காய்க்குப் பேரம் பேசுகிற நாம் வீட்டுக்குப் பேசக் கூடாதா? ஒன்றரை லட்சத்துக்கு இறங்கினார். எட்டு வருஷத்துச் சொச்சத்தில் போட்டது வந்துவிடும். கடனோ இருபது வருஷம்.

எங்கள் வீட்டில் இப்போது மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டியிருக்கிறேன். மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. பெரிய ஏ.ஸி. பாதி நாள் சும்மா இருக்கிறது. மொத்தச் செலவு அந்த ஏ.ஸி. விலையில் கால் பங்குகூட இல்லை. சாய்வு நாற்காலியை மறுபடி அந்த அறையிலேயே போட்டிருக்கிறேன். மத்தியானம் அதில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கும்போது, இதை மூன்று கோடைக்கு முன்பே செய்திருக்கக் கூடாதா என்று தோன்றும்.

வீடு பார்க்கக் கிளம்புகிறீர்களா? சமையல் மேடைக் கல்லின் நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சாயங்காலம் நாலு மணிக்குப் போய், மேற்குச் சுவரில் ஒரு தடவை கையை வைத்துப் பாருங்கள்.